இன்று யார் வரவில்லை?

அவைத்தலைவர் திரு. பஞ்சநாதன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் சிதம்பரத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

குறித்த நேரத்துக்கு வந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. நாம் இன்று அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் டாக்டர் ஞானசேகரன் தாமதத்தை விரும்பாதவர். நானும் அப்படித்தான்.

கடலூரிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து இந்த ஊருக்கு வைத்தியம் பார்த்தவர் அவர். நான் தலைமையாசிரியையாக இருந்த காலம் முழுவதும், காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் அவருடைய கிளினிக்கிலிருந்து தொலைபேசி வரும்.

"டீச்சரம்மா, இன்னிக்கு யார் யார் வரல? எந்தத் தெரு?"

எந்த மருத்துவர் இப்படிக் கேட்பார்? நோயாளி தேடி வரட்டும் என்று இருப்பதுதானே வழக்கம்?

வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை. தை, மாசியில் முந்திரி பூக்கும்போது பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு மூச்சிளைப்பு. மார்கழிப் பனியில் என் கணவரின் நெஞ்சுச் சளி, அவர் இருந்தவரை. எல்லாம் டாக்டருக்கு அத்துப்படி. ஆனாலும் பருவத்தை அப்படியே நம்பிவிட மாட்டார். "மாசம் சந்தேகத்தைத்தான் குடுக்கும். பதிலை வீட்டுக்குப் போய்த்தான் கேக்கணும்" என்பார்.

ஓர் ஐப்பசி. காய்ச்சல் என்றாலே டெங்கு என்று ஊர் பேசிக்கொண்டிருந்தது. நான்காம் வகுப்பில் ஒரே தெருப் பிள்ளைகள் நால்வர் வரவில்லை என்றேன்.

"காச்சல் பிள்ளைக்கா, வீட்டுல பெரியவங்களுக்கா?" என்று கேட்டார்.

விசாரித்தேன். பிள்ளைகள் நலம். காய்ச்சலில் கிடந்த தாய் தகப்பனுக்குக் கஞ்சி வைக்க வீட்டில் நின்றிருந்தார்கள். அந்தப் பெரியவர்கள் எல்லோரும் நடவுக்குப் போய்வந்தவர்கள். மதியமே அந்தத் தெருவில் இருந்தார் டாக்டர்! இதோ, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கலியமூர்த்தியின் கெண்டைக்காலைத்தான் முதலில் அழுத்தினார்.

"தலை வெடிக்குது, நீங்க காலைப் புடிக்கிறீங்களே டாக்டரே!"

"தலையாலயா மாமா நாத்து நட்டீங்க? சேத்துல நின்ன காலைக் காட்டுங்க."

கலியமூர்த்தி அலறிய அலறல் தெருமுனைவரை கேட்டதாம். எலிச் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து தொற்றி, கெண்டைக்காலில் கடும் வலி தரும் எலிக்காய்ச்சலோ என்று சந்தேகித்து, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கினார். பின்னால் வந்த முடிவும் அதையே சொன்னது. அந்தத் தெருவில் ஒரு பிள்ளைகூடத் தாயையோ தகப்பனையோ இழக்கவில்லை. நால்வரும் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

இப்போதும் ஐப்பசிதான். மழை பிடித்துவிட்டது. வயல்களில் நடவு நடக்கிறது. கிளினிக் மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

அவரிடம் பயின்ற டாக்டர் அருள்மொழியைச் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை அழைத்திருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது இந்த மண்டபத்துக்கே தெரியும். போகாதே என்று சொல்ல நான் யார்? நேற்று என்னிடம் கேட்டார்: "சார் இடத்துல நான் எப்படி டீச்சர் உக்காருவேன்?"

அவர் இடத்தில் யாராலும் உட்கார முடியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. அந்தத் தொலைபேசியை எடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

படத்திறப்பு, மலர்வளையம் எல்லாம் உங்கள் விருப்பம். இன்றைய தலைமையாசிரியை ஜான்சியும் நானும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி மருத்துவர் கேட்கட்டும் என்று பள்ளி காத்திருக்காது. பள்ளியே அழைக்கும். ஒரு நாளும் தவறாது. தவறாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

நாளைக் காலை வருகைப் பதிவு முடிந்ததும் அந்தக் கிளினிக்கில் மணி அடிக்கும்.

சாவி உங்களிடம் இருக்கிறது, டாக்டர் அருள்மொழி.