நாக்பூரிலிருந்து அணைக்காத லாரி

துறைமுக வாசலில் நுழைவுச்சீட்டுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

“நாக்பூர்ல இருந்து இஞ்சினை அணைக்கவே இல்ல அண்ணாச்சி” என்றார் டிரைவர், வாசல் காவலரிடம்.

காவலர் நிமிர்ந்தார். “ஏம்லே?”

“ஸ்டார்ட்டர் போச்சு. அணைச்சா திரும்பக் கிளம்பாது.”

“சோதனைக்கு அணைக்கணும். அதான் ரூல்ஸ்.”

“சாயங்காலம் கப்பல் போயிரும். சரக்கு ஏறலைன்னா எங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்.”

“அணைலே!”

லாரிக்குள்ளிருந்த இரண்டாவது டிரைவர் எட்டிப் பார்த்தார். “அணைக்கோம். பொறவு வண்டி இந்த வாசல்லதான் நிக்கும். தள்ளுததுக்கு ஆள் வச்சிருக்கியளா?”

பின்னால் நீண்டிருந்த லாரி வரிசை ஹாரன் அடித்தது. காவலர் அதைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த லாரியையே சுற்றிவந்து சோதித்தார்.

“போங்கலே. உள்ள போய் அணைச்சுத் தொலைங்க.”

“உள்ளயும் அணைக்க மாட்டோம் அண்ணாச்சி. வெளிய வரணும்லா?”