முட்டி மடங்காத கடை

— சிரிக்காதீங்கப்பா. காலையில பாப்பாவோட ஷூ வாங்க வந்த அந்தம்மா என்னைப் பாத்து, "நீங்க முதலாளி பொண்ணுதானே?"ன்னாங்க. முகஜாடையான்னு கேட்டேன். இல்லையாம். தகட்டை நீட்டின விதத்துலயே தெரிஞ்சுடுச்சாம்.

— எந்தத் தகடு?

— ஷூவுக்குள்ள குதிகாலை இறக்குற தகடுதான், வேற எது? நம்ம கடையில நாமதானே கீழ உக்காந்து எல்லாருக்கும் மாட்டி விடுவோம்? அவங்க பாப்பாவுக்கு மட்டும் நான் நின்ன இடத்துலயே நின்னு தகட்டைக் கையில குடுத்துட்டேன்.

— அவங்க எந்தப் பக்கம்?

— பாத்தீங்களா, உடனே கேக்கறீங்க! பாலத்துக்கு அந்தப் பக்கம், காலனிதான்.

— கண்ணு, வியாபாரம்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க. உனக்கு இடுப்பு வலிச்சிருக்கும், நின்னிருப்ப.

— அதுக்கு முன்னாடி ஒரு தடியன் வந்தான். சாக்ஸ் நாறுச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவன் காலை மடியில வெச்சு மாட்டி விட்டேன். அப்ப வலிக்கலையே?

— அவங்க காலைத் தொடாதேன்னு நான் உனக்கு எப்பவாவது சொல்லிருக்கேனா?

— ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஸ்கூல் விட்டு வந்து இந்த ஸ்டூல்லதானே உக்காந்திருப்பேன். நீங்க அவங்களுக்குச் சிரிச்சுக்கிட்டே தகட்டை நீட்டுவீங்க. டீ கூட வாங்கிக் குடுப்பீங்க. முட்டி மட்டும் மடங்காது.

— எனக்குத்தான் முட்டி தேய்மானமாச்சே.

— நகைக்கடைக்காரர் வந்தா, வாங்காத ஷூவுக்கும் மூணு தடவை உக்காந்து எந்திரிப்பீங்களே, அப்ப தேயாதா?

— எங்கப்பா அவங்களை வாசல்லயே நிறுத்திடுவாரு. நான்தான் உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அத்தோட சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்.

— பாதித் தள்ளுபடி குடுத்துட்டு மொத்தமும் இலவசம்னு போர்டு மாட்டுற கதைதான். நான் மட்டும் என்ன? "எங்க தலைமுறையோட இது ஒழியும்"னு காலேஜ் பேச்சுப் போட்டியில கத்திக் கப்பு வாங்கினேன். அந்தக் கப்பை நீங்கதான் ஷோகேஸ்ல வெச்சீங்க, ஷூவுக்கு நடுவுல.

— எடுத்துடவா?

— கப்பு என்ன பாவம் பண்ணுச்சு? திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லப்பா. அந்தம்மா சிரிச்சாங்க. சின்ன வயசுல அவங்களும் இங்கதான் ஷூ வாங்கினாங்களாம். "அப்பா கை, அப்படியே இருக்கு"ன்னாங்க.

— நிஜமா ஒழியுமா கண்ணு? நான் பண்றது எனக்கே தெரியாம இருந்திருக்கே.

— தெரியாமலா?

— சரி, பாதி தெரியும். மீதியைத் தெரிஞ்சுக்க வேணாம்னு விட்டுட்டேன்.

— அப்பா, வாசலைப் பாருங்க. அவங்களேதான். பாப்பாவுக்கு ஷூ கடிக்குது போல, மாத்த வர்றாங்க. நான் போய் உக்காந்து மாட்டி விடறேன்.

— நீ நகரு. இது என் கை ஆரம்பிச்சது. வாங்கம்மா, வாங்க, உக்காருங்க. பெருவிரல் இடிக்குதா? ஒரு சைஸ் பெரிசாவே தர்றேன். அப்பாடி, உக்காந்தாச்சு. பாப்பா, காலை என் மடியில வை. அட, ஏன் உள்ளே இழுக்கற? வை கண்ணு, மாமா மாட்டி விடறேன்.

— வேணாம் மாமா. தகட்டைக் குடுங்க. இந்தக் கடையில நாங்களேதான் போட்டுக்கணும்னு அம்மா வரும்போதே சொல்லிக் குடுத்துட்டாங்க.