ரெண்டாவது ஊசிக்கு மூணாம் நாள்

டாக்டர்: மூச்சை நல்லா இழு. இழுக்கும்போது வலிக்குதா?

அப்பா: வலிக்குது டாக்டர்.

டாக்டர்: உங்களைக் கேக்கல சார். பையனைக் கேட்டேன்.

அப்பா: அவன் கூச்சப்படுவான். அதான் நானே...

டாக்டர்: நீ சொல்லுப்பா.

மகன்: வலிக்குது. படுத்தா இன்னும் கொஞ்சம்... முன்னாடி குனிஞ்சு உக்காந்தா பரவாயில்ல.

அப்பா: பந்து பட்டிருக்கும். இவன் ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர். பதினாலு வயசுல நெஞ்சைக் கொடுத்துப் பந்தை நிறுத்துறான். கை எதுக்கு இருக்குன்னு எத்தனை தடவை...

டாக்டர்: எப்பலேருந்து வலி?

அப்பா: காலையிலேருந்து.

மகன்: ஆமா. காலையிலேருந்துதான்.

டாக்டர்: காய்ச்சல், சளி? இல்ல, சமீபத்துல கொரோனா தடுப்பூசி ஏதாவது...

அப்பா: தடுப்பூசியா? யாரைப் பாத்துக் கேக்குறீங்க? நான் சலூன் வெச்சிருக்கேன் டாக்டர். ரெண்டு நாற்காலி. வர்றவங்களுக்கு முடி வெட்டுறேனோ இல்லையோ, இதைச் சொல்லாம அனுப்ப மாட்டேன். பசங்களுக்குப் போடாதீங்க, இதயம் வீங்கிடும்னு.

டாக்டர்: உங்களுக்கு யார் சொன்னா?

அப்பா: ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாராவாரம் ஷேவிங்குக்கு வருவார். அவருக்கு ஃபோன்ல வந்துச்சாம்.

டாக்டர்: யார் அனுப்பினாங்களாம்?

அப்பா: அவர் மச்சான். லாரி டயர் விக்கிறார்.

டாக்டர்: பெரிய இடம்தான்.

அப்பா: கிண்டல் பண்றீங்க.

டாக்டர்: இல்ல சார். டயர்காரர் சொன்னதுல கால்வாசி உண்மை. அதான் தொல்லையே. முழுப் பொய்யா இருந்தா என் வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்... சரி, ரத்தம் எடுத்தோமே, ரிசல்ட் ரெடியாம். கீழ லேப்ல போய் வாங்கிட்டு வாங்க.

அப்பா: லிஃப்ட்ல போயிட்டு ஒரு நிமிஷத்துல...

டாக்டர்: படியிலேயே போங்க. உடம்புக்கு நல்லது.

மகன்: ... போயிட்டாரா?

டாக்டர்: செருப்புச் சத்தம் கேக்குது. ரெண்டு மாடி இறங்கி ஏறணும். சட்டைக் கையைத் தூக்கு.

மகன்: எதுக்கு டாக்டர்... வலி நெஞ்சுலதானே...

டாக்டர்: தூக்குப்பா. ம்... ஊசி போட்ட இடம் இன்னும் சிவந்திருக்கே. எப்போ போட்ட?

மகன்: வெள்ளிக்கிழமை. ரெண்டாவது. அம்மாதான் கூட்டிட்டுப் போனாங்க. அப்பாகிட்ட கண்ணாடிக் கடைக்குப் போறோம்னு சொல்லிட்டு. முதல் ஊசிக்கும் அதே கண்ணாடிக் கடைதான்.

டாக்டர்: அம்மா கண்ணாடி போடுவாங்களா?

மகன்: இல்ல. நானும் போடறதில்ல.

டாக்டர்: அப்பா கவனிக்கலையா?

மகன்: அவர் தலையை மட்டும்தான் பாப்பார். முடி வளர்ந்தா கண்டுபிடிச்சிடுவார்.

டாக்டர்: வலி காலையிலேருந்து இல்ல. சரியா?

மகன்: சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து.

டாக்டர்: இன்னைக்குத் திங்கள். ரெண்டு நாளா வாயைத் திறக்கல. ஏன்?

மகன்: சொன்னா அப்பா ஜெயிச்சிடுவார்.

டாக்டர்: என்னது?

மகன்: எட்டு மாசமா வீட்டுல இதே சண்டை டாக்டர். வலிக்குதுன்னு சொன்னா, பாத்தியா பாத்தியான்னு அம்மாவை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். அம்மா அழ மாட்டாங்க. பாத்திரம் கழுவுவாங்க. கழுவின பாத்திரத்தையே...

டாக்டர்: நெஞ்சு வலியோட விளையாடுனியா?

மகன்: நேத்து ஒரு மேட்ச். நாலு கோல் விட்டேன். மூச்சு வாங்குச்சு, உக்காந்துட்டேன்.

டாக்டர்: நீ விட்ட கோல்தான் உனக்கு நல்லது பண்ணியிருக்கு.

மகன்: டாக்டர்... நான் செத்துடுவேனா?

டாக்டர்: மாட்ட. இதயத் தசையில லேசா அழற்சி இருக்கும்போல. ஊசிக்கப்புறம் அபூர்வமா வரும். பெரும்பாலும் உன்ன மாதிரிப் பசங்களுக்கு, ரெண்டாவது ஊசி போட்ட சில நாள்ல. நிறைய பேருக்கு ஓய்வுலயே சரியாயிடும். ஆனா மறைச்சு வெச்சுட்டு ஓடுறதுதான் ஆபத்து... அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

மகன்: யாரும் சொல்லாம இருக்க முடியாதா?

டாக்டர்: முடியாது.

அப்பா: டாக்டர், இந்தாங்க. படி ஏறினதுல எனக்கே நெஞ்சு வலிக்குது. என்ன போட்டிருக்கு அதுல?

டாக்டர்: உக்காருங்க. இதயத் தசை பாதிச்சா ரத்தத்துல கூடுற அளவு கொஞ்சம் ஏறியிருக்கு. இதயத்துல அழற்சி. ரெண்டு நாள் இங்க வெச்சுப் பாக்கணும்.

அப்பா: இதயத்துலயா... இவன் பந்துதானே...

மகன்: பந்து இல்லப்பா. ஊசி. வெள்ளிக்கிழமை ரெண்டாவது போட்டேன். அம்மாவைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன்.

அப்பா: வலி எப்பலேருந்துடா?

மகன்: சனிக்கிழமை.

அப்பா: சனிக்கிழமை சாயங்காலம் உனக்கு முடி வெட்டினேன். அரை மணி நேரம் என் கைக்கடியில உக்காந்திருந்த. அப்பவுமா வலிச்சுது?

மகன்: அப்பதான் ஆரம்பிச்சுது.

அப்பா: நான் அந்த அரை மணி நேரமும் ஊசியைத்தான் திட்டிட்டு இருந்தேன்.

மகன்: ஆமா.

அப்பா: என் வாய்க்குப் பயந்து என் புள்ள வலியை முழுங்கியிருக்கான் டாக்டர்.

டாக்டர்: இனிமே முழுங்க மாட்டான். வந்துட்டானே.

அப்பா: பொழைச்சுக்குவான்ல?

டாக்டர்: நல்லா இருப்பான். சில மாசத்துக்குப் பந்து மட்டும் கூடாது. மறுபடி ஸ்கேன் பாத்துட்டுத்தான் விடுவேன்.

மகன்: சில மாசமா?

அப்பா: பேசாம இருடா... டாக்டர், அப்ப ஏஜென்ட் சொன்னது சரிதானா?

டாக்டர்: வரும்னு சொன்னது சரி. எவ்வளவு பேருக்குன்னு சொல்லலையே. லட்சம் பசங்கள்ல விரல் விட்டு எண்ணிடலாம். கொரோனா வந்தாலும் இதே அழற்சி வரலாம், அதுல இன்னும் அதிகமா. உங்க பையனுக்கு நம்பர் விழுந்துடுச்சு, அவ்வளவுதான். யார் தப்பும் இல்ல.

அப்பா: அவ எங்கடா, உங்க அம்மா?

மகன்: ஆஃபீஸ்லேருந்து கிளம்பிட்டாங்களாம். வந்துட்டே இருக்காங்க.

அப்பா: வரட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மகன்: ஒரு வார்த்தையா? உங்களாலயா?

அப்பா: முயற்சி பண்றேன்டா.

டாக்டர்: சரி, இந்தப் படிவத்தை முடிச்சிடுவோம். குடும்பத்துல யாருக்காவது இதய நோய்?

அப்பா: இல்ல.

டாக்டர்: வேற யாருக்காவது ஊசிக்கப்புறம் நெஞ்சு வலி, படபடப்பு?

அப்பா: எனக்கு வரல.

டாக்டர்: உங்களுக்கு எப்படி வரும்? நீங்கதான் போடவே இல்லையே.

அப்பா: அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க டாக்டர்... நானும் வீட்டுக்குத் தெரியாம மூணு ஊசி போட்டேன், மூணுக்கும் ஒண்ணும் ஆகல. கஸ்டமர் கழுத்துல கத்தி வெச்சுக்கிட்டு அவர் பேச்சை மறுக்க முடியுமா, ஆமாம் சாமி போட்டே பழகிடுச்சு. நீங்க எழுதிக்குங்க, ஆனா இவன் அம்மா உள்ள வந்ததும் அந்தத் தாளை மட்டும் குப்புற வெச்சிடுங்க.