பந்தலுக்கு அடியில் யார்?

— ஹனுக்கா பண்டிகை முடிஞ்ச ஞாயித்துக்கிழமை ஹால் கிடைக்காது. பெயிண்ட் அடிக்கிறாங்க.

— ஞாயித்துக்கிழமையா, அக்கா? மெல்பர்ன்ல எவன் ஞாயித்துக்கிழமை பெயிண்ட் அடிக்க வர்றான்?

— வர்றான்னா வர்றான். அந்தத் துணியை எடுக்காத பெனினா, அது கறிப் பாத்திரத்துக்கு. நீலக் கோடு போட்டது பால் பாத்திரத்துக்கு, அதை எடு. இஸ்ரேல்ல இருவத்தெட்டு வருஷமா யூத குருவா, ரபியா இருக்க, கறியும் பாலும் ஒட்டக்கூடாதுங்கறது மறந்து போச்சா?

— அங்க என்னைப் பாத்திரம் கழுவ விடமாட்டாங்க.

— விடமாட்டாங்க, விடமாட்டாங்க. நான் உள்ளதைச் சொல்றேன், இங்கயும் உன்னை யாரும் விடமாட்டாங்க. இது பூரா உன் பேச்சைக் கேக்க வந்த கூட்டம் தின்னுட்டுப் போட்ட தட்டு. நூத்தி இருவது. நான் பிரசங்கம் பண்ற அன்னிக்கு வர்ற கூட்டத்துக்கு ஒரு டீ செட் போதும்.

— இங்க பாரு, எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள். கேக்கறது என் பொண்ணு கல்யாணத்துக்கு. ஷாகேதுக்கு நீ பெரியம்மா.

— பெரியம்மான்னு இப்பத்தான் ஞாபகம் வருதா? ஹைஃபாவுல கடல் இருக்கு, மலை இருக்கு, நாங்க இங்க கேக் வித்துக் கட்டிக் குடுத்த ஜெபாலயம் இருக்கு. பெத்தவளே ரபி. அங்கயே பண்ண வேண்டியதுதானே?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்கற. அங்க நான் நடத்தி வெச்சா அரசாங்கம் அதைக் கல்யாணம்னே ஒத்துக்காது. பழைய ஆசாரக்கார ரபி நடத்தினாத்தான் பதிவேட்டுல ஏறும். அவங்க வாசலுக்குப் போக ஷாகேதும் மாட்டா, அந்தப் பையன் எய்தானும் மாட்டான். வெளிநாட்டுல பண்ணிட்டு வந்தா மட்டும் பேசாம பதிஞ்சுக்குவாங்க.

— ஆக, கையெழுத்துக்கு நான். இந்த ஊர் சட்டப்படி கல்யாணம் பண்ணி வெக்கிற அதிகாரம் எனக்கு இருக்கு, உனக்கு இல்ல. பந்தலுக்கு அடியில நீ நின்னு பாடுவ, ஜனங்க கண்ணைத் துடைச்சுக்கும். நான் ஓரமா பேனாவைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அதானே?

— நான் அப்படிச் சொன்னேனா?

— நீ சொல்லணுமா? பமீலாவா விமானம் ஏறினவ, பேரை மாத்திக்கிட்டு பெனினாவா இறங்கி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும், இனிமே இந்தக் குடும்பத்துல யாருக்குப் பந்தல், யாருக்குப் பாத்திரம்னு.

— உள்ள வரலாமா, ரபி?

— ரெண்டு ரபி இருக்கோம், மெர்வின். யாரைக் கேக்கறீங்க?

— உங்க தங்கச்சியைத்தான். ரபி பெனினா, நீங்க பேசினதைக் கேட்டு என் பொண்டாட்டி தேம்பித் தேம்பி அழுதா. முப்பது வருஷமா குடித்தனம் பண்றேன், என்னால அவளை ஒரு தடவை கூட அழ வெக்க முடியல.

— அப்ப நல்ல புருஷன்தான் நீங்க.

— ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா உக்காந்து வேண்டிக்கறாங்கன்னு உங்க ஜெபாலயக் கதவுல சாயத்தை ஊத்தினாங்களே, மறுநாள் அதே கதவைத் தொறந்து வெச்சீங்களே, அந்த இடத்துல நானே மூக்கு சிந்தினேன். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? ரபி லோரெய்ன், நீங்க கொஞ்சம் தள்ளி... இன்னும் கொஞ்சம். உங்க நிழல் விழுது.

— அடுப்புக்குள்ள போயிடட்டுமா?

— அங்கயே போதும், ரபி.

— மெர்வின், நீங்கதானே இந்த ஜெபாலயத்துக்குத் தலைவர்? டிசம்பர்ல ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களாமே?

— பெயிண்டா? கூரை ஒழுகுறதுக்கு வாளி வெச்சிருக்கோம். அந்த வாளியும் எங்க வீட்டு வாளி. யார் சொன்னா?

— யாரோ சொன்னாங்க.

— சொன்னவங்க செலவுலன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. வர்றேன்.

— வாயைத் தொறக்காத, பெனினா.

— நான் ஒண்ணும் சொல்லலையே.

— உன் மூஞ்சி சொல்லுது. ஆமா, பொய் சொன்னேன். நாப்பது வருஷமா ரபியா இருக்கேன், நான் சொன்ன ஒரே பொய், அதையும் அந்த மனுஷன் நிமிஷத்துல கிழிச்சுப் போட்டுட்டான்.

— எதுக்குக்கா?

— எதுக்கா? உன்னை அங்க பழைய ஆலயச் சுவர்கிட்ட தோரா வேதச் சுருளோட பாத்தா, பொம்பளை தொடக்கூடாதுன்னு விசிலடிச்சு விரட்டறாங்க. உன் கதவுல சாயம் ஊத்தறாங்க. பத்திரிகையில திட்டறாங்க. எனக்கு என்னடி இருக்கு? எனக்கு ஒரு எதிரி கூட இல்ல. பக்கத்துத் தெரு ஆசார ரபி எதிர்ல வந்தா தொப்பியைத் தொட்டு, முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேக்கறார்.

— எதிரிதான் வேணுமா? ஏழெட்டு பேரைப் பார்சல்ல அனுப்பி வெக்கட்டுமா?

— சிரிக்காத. உங்க தூதரகத்துக்கு உனக்காக நியாயம் கேட்டு மாசம் ஒரு கடுதாசி எழுதறது யாரு? உன் ஜெபாலயத்துக்குத் தோராச் சுருளைக் கொண்டுவந்தது யாரு? விமானத்துல இருவத்தஞ்சு மணி நேரம் குழந்தை மாதிரி மடியிலயே வெச்சிருந்தேன். கழிப்பறைக்குப் போகணும்னா பக்கத்து சீட்டு கிரேக்கக் கிழவி மடியில குடுத்துட்டு ஓடினேன். அங்க வந்து இறங்கினதும் என்கிட்டேர்ந்து வாங்கி உன் கையில குடுத்து, சுத்தி நின்னு தெரு பூரா ஆடினாங்க. எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்க.

— எனக்குத் தெரியாதுக்கா.

— எப்படித் தெரியும்? நீ ஆடிக்கிட்டு இருந்த.

— சரி, விடு. அப்பா துணிக்கடையில பேரம் பேசற மாதிரி பேசிடுவோம். உனக்கு என்ன வேணும்?

— பந்தல்ல சொல்ற ஏழு ஆசீர்வாதத்துல மூணு என்னுது.

— ஏழும் எடுத்துக்கோ.

— மோதிரம் போடும்போது வாசகத்தை நான்தான் சொல்லிக் குடுப்பேன்.

— சொல்லிக் குடு.

— மணமக்களுக்கு நான் அஞ்சு நிமிஷம் பேசணும்.

— பத்தா எடுத்துக்கோ. உனக்கு அஞ்சு நிமிஷம் முன்னுரைக்கே பத்தாது.

— இரு, இரு. கேட்ட விலைக்கு மேல ஒருத்தன் குடுத்தா அப்பா துணியை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை தேடுவாரு. நான் உள்ளதைச் சொல்றேன், இந்த வியாபாரத்துல ஓட்டை எங்க?

— ஓட்டையும் இல்ல, கிழிசலும் இல்ல. முழுக் கல்யாணத்தையும் நீ நடத்து. நான் பெத்தவளா ஒரு ஓரத்துல நிக்கறேன்.

— உடம்புக்கு ஏதாவதா?

— இல்லக்கா.

— எய்தான் வீட்ல பொம்பளை ரபி ஆகாதுங்கறாங்களா?

— நீயும் பொம்பளைதானே.

— பெனினா, அந்தத் தட்டைக் கீழ வை, தேஞ்சுடும். நான் பொறாமைக்காரிதான், இல்லைங்கல. அதுக்காகப் பெத்த பொண்ணு கல்யாணத்துல அம்மாவைத் தள்ளி நிறுத்தறவ இல்ல. நீயே நடத்து. சட்டத்துக்கு வேண்டிய ரெண்டு வரியை நான் சொல்லி, கையெழுத்தைப் போட்டுட்டு நகந்துக்கறேன். தள்ளி நிக்கறதுக்குத்தான் மெர்வின் நல்லாப் பழக்கி வெச்சிருக்கானே.

— அதைத்தான் நானும் அவகிட்ட சொன்னேன்.

— எவகிட்ட?

— ஷாகேத்கிட்ட. அங்கயே நான் நடத்தி வெக்கறேன், மறுவாரம் சைப்ரஸ் போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னேன். என்கிட்ட வந்த முந்நூறு ஜோடியும் அப்படித்தான் பண்ணிச்சு. மாட்டேன்னா. சரி, மெல்பர்ன் போவோம், பெரியம்மா கையெழுத்துப் போடட்டும், பந்தல்ல நான் நிக்கறேன்னேன்.

— அதுக்கு?

— பத்து வயசுலேர்ந்து நான் நடத்தற கல்யாணத்துக்கெல்லாம் பந்தக்கால் புடிச்சவ அவ. நான் பாடி முடிச்சதும் அத்தனை ஜோடியும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு விமானம் ஏறினதைப் பாத்து வளந்தவ.

— சுத்தி வளைக்காதடி. பொண்ணு என்ன சொன்னா?

— "நீ நடத்தினா அழகா இருக்கும்மா. எனக்கு நிஜக் கல்யாணம் வேணும், பெரியம்மாகிட்ட கேளு"ன்னா.