நம்ம வண்டி

— ஓட்டிப் பாக்கறதெல்லாம் வேணாம்மா. எழுத வேண்டியத எழுது.

— அப்படி இல்ல சார். டெஸ்ட் டிரைவ் போகாம இவ்ளோ பெரிய பிக்கப்ப யாரும் புக் பண்ண மாட்டாங்க. வாசல்ல வெள்ளை வண்டி ரெடியா நிக்குது. ஹோசூர் ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம், அஞ்சே நிமிஷம்.

— இருபத்திநாலு வருஷமா பிக்கப் ஓட்றவம்மா நான். ஸ்டியரிங் எல்லாத்துலயும் வட்டமாத்தான் இருக்கும்.

— அதான் சார் கேக்கறேன். கேட் பக்கத்துல நிக்குதே நீல வண்டி, அது உங்களோடதுதானே? அந்தக் கம்பெனி வண்டி ஓட்றவங்க எங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எங்க ட்ரெயினிங்லயே சொல்லுவாங்க, அவங்ககிட்ட பேசி டைம் வேஸ்ட் பண்ணாதீங்கன்னு. ரோட்டுக்கு அந்தாண்ட அந்தக் கம்பெனி ஷோரூம் இருக்கு, நேரா அங்கதான் போவாங்க.

— சரியாத்தான் சொல்லிக் குடுத்துக்கிறாங்க. நானும் அங்கதான் போய்க்கினு இருந்தேன். மூணு வண்டி எடுத்தேன், மூணும் அவங்களுதுதான். கேஜிஎஃப்ல தங்கச் சுரங்கத்த மூடி எங்கள வீட்டுக்கு அனுப்புனாங்க பாரு, அப்ப எடுத்தது மொத வண்டி. ஷாஃப்டுல எறங்கினவனுக்கு மேல எந்த வேலைம்மா தெரியும்? அந்த வண்டிதான் சோறு போட்டுது. பெங்களூர் வந்து ஜீவனஹள்ளில வீடு, பையன் படிப்பு, எல்லாமே அது சம்பாதிச்சது.

— அப்புறம் ஏன் சார் இப்ப திடீர்னு எங்க ஜப்பான் வண்டி?

— எம்பையன் இங்கதான் வேல பாத்தான். கிறிஸ்டோபர்.

— நீங்க கிறிஸ்டோபர் அப்பாவா?

— ஆமா. தாஸ். கல்லறையில பாத்திருப்பே. நீங்கல்லாம் ஒரு வேன்ல வந்தீங்கன்னு அப்புறமாத்தான் சொன்னாங்க.

— நான் மலர், அங்கிள். அவருக்குப் பக்கத்து டேபிள். அன்னிக்கு உங்ககிட்ட வந்து பேசினேன், நீங்க யாரையும் பாக்கற நிலைமையில இல்ல. உக்காருங்க அங்கிள். டீ சொல்லட்டுமா?

— டீ வேணாம். புக்கிங் ஃபாரத்த எடு. அதுல சேல்ஸ்மேன் பேருன்னு ஒரு கட்டம் இருக்குமாமே?

— இருக்கு.

— அதுல எம்பையன் பேர எழுது. அதுக்குத்தான் வந்தேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— அங்கிள், அவர் தவறியே ஆறு மாசம் ஆயிடுச்சு. சிஸ்டம்ல அவர் ஐடிய மூடிட்டாங்க. நான் நினைச்சாலும் ஏத்த முடியாது.

— கம்ப்யூட்டர்ல உன் பேரப் போட்டுக்கோ. உனக்கும் டார்கெட்டு இருக்குமில்ல. காகிதத்துல மட்டும் அவன் பேரு. கிறிஸ்டோபர்னு முழுசா எழுதி ஒரு சீல் அடிச்சுக் குடு. வீட்டுல அவன் படத்துக்குக் கீழ வெக்கணும்.

— நீங்க வந்தது ஆன்ட்டிக்குத் தெரியுமா?

— பிரிசில்லாவுக்கா? அவ எங்கிட்ட பேசறதில்லம்மா. சோறு போடுவா. தட்ட வெக்கற சத்தத்துலயே சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிடுவா.

— இப்ப என்ன லோடு ஏத்தறீங்க அங்கிள்?

— பொம்மசந்திரால இரும்பு வார்க்கற பவுண்டரி ஒண்ணு. இரும்புச் சாமான். பீன்யாவுக்கு தினம் ரெண்டு ட்ரிப்பு.

— அதுக்கு இந்த வண்டி வேணாம், அங்கிள். இது நாலு பேர் உள்ள உக்காந்துக்கிட்டு, பின்னாடி சாமான் போட்டுக்கிட்டு, லீவு நாள்ல கூர்க் போறவங்க எடுக்கறது. பின்னாடி இடம் கம்மி. இரும்ப ஏத்தி ஏத்தி இத நீங்க...

— விக்கறவ பேசற பேச்சாம்மா இது? மேனேஜர் காதுல விழுந்தா சீட்ட கிழிச்சுடுவாரு.

— கிழிப்பார். அது எனக்கு நல்லாத் தெரியும்.

— அப்ப எழுது. என் வண்டிய எக்ஸ்சேஞ்சுல விட்டுட்றேன். சாவி இந்தா.

— நல்லா ஓடற வண்டிய எதுக்கு அங்கிள் விடறீங்க?

— நல்லாத்தான் ஓடுது. சாவியப் போட்டா ஒரே தட்டுல கிளம்புது. அவன் போன மறுநாளும் அப்டித்தான் கிளம்புச்சு. நாற்காலி, பந்தல் சாமான், எல்லாம் அதுலதான் ஏத்திக்கினு வந்தேன். வாடகை வண்டி சொல்றோம்னு சொன்னாங்க, என்னமோ கேக்காம நானே போய்ட்டேன். எம்புள்ள சாவுக்கு லோடு அடிச்சவம்மா நான். அதுக்கப்புறம் அந்த ஸ்டியரிங்க புடிக்கறப்பல்லாம் அந்த நாற்காலிங்க பின்னாடி கெடக்குதான்னு திரும்பிப் பாக்கறேன்.

— வண்டி என்ன பண்ணும் அங்கிள், பாவம்.

— வண்டி மேல கோவமில்ல. எம்மேலதான். அவன் இங்க வேலைக்குச் சேந்த புதுசுல வந்து கேட்டான். 'அப்பா, அடுத்த வண்டிய எங்கிட்ட எடேன்'னான். நான் என்னா சொன்னேன் தெரியுமா? 'கோலார் ரோட்டுல நட்டு கழண்டு நின்னா எந்தக் கடைக்காரனுக்குடா உன் வண்டியத் தெரியும், ஜப்பானுக்குப் போன் போடணுமா'ன்னேன். சிரிச்சான். அவன் எதுக்கும் சிரிப்பான்.

— இங்கயும் அப்படித்தான். கஸ்டமர் கத்தினாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பார்.

— அதோட விட்டனா? சர்ச்சு வாசல்ல அவன் சினேகிதங்க முன்னாடியே சொல்லுவேன். ஊருக்கெல்லாம் வண்டி விக்கறான், அவங்கப்பனுக்கு ஒண்ணு விக்கத் துப்பில்லன்னு. எல்லாரும் சிரிப்பாங்க.

— விளையாட்டாத்தானே சொன்னீங்க.

— ஒரு தடவ சொன்னா விளையாட்டு. வாரா வாரம் சொன்னா? அப்புறம் வேல போச்சு. டார்கெட்டு முடிக்கலன்னு அனுப்பிட்டாங்கன்னு அவங்கம்மாகிட்ட சொல்லிக்கிறான். எங்கிட்ட சொல்லல. நான் இருந்த லட்சணத்துக்கு எங்கிட்ட எப்டிச் சொல்லுவான்? காலையில எப்பவும் போல இஸ்திரி சட்டை போட்டுக்கினு கிளம்புவான். பைக்ல பார்சல் எடுத்துக்கினு போறான்னு எனக்கு ஆஸ்பத்திரியிலதாம்மா தெரியும். சில்க் போர்டு சிக்னல்கிட்ட, அந்த மழையில, பள்ளத்துல விட்டு...

— வேணாம் அங்கிள். விடுங்க.

— நான் ஒண்ணே ஒண்ணு எடுத்திருந்தா, இதோ இந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்திருப்பான் இல்ல? மழை பாட்டுக்கு வெளிய பெஞ்சிருக்கும்.

— ஒரு வண்டி எடுத்திருந்தா எதுவும் மாறியிருக்காது.

— பாஸ்டரும் இதத்தான் சொன்னாரு. வரவங்க போறவங்க எல்லாம் இதையேதான் சொல்றாங்க. உங்களுக்கெல்லாம் என்னம்மா தெரியும்? ஒண்ணு நடந்துச்சு, அத நானும் பிரிசில்லாவும் யாருகிட்டயும் சொல்லல. அதுக்காகத்தான் அவ பேச்ச நிறுத்தினதே.

— என்ன அங்கிள்?

— ஆயுத பூஜைக்கு மொத நாளு. வெளிச்சம் இருக்கவே வீட்டுக்கு வந்துட்டான். கையில ஸ்வீட்டு டப்பா. ஷூவக் கூட கழட்டல, நேரா எங்கிட்ட வந்தான். 'அப்பா, இன்னிக்கு ஒரே நாள்ல நம்ம வண்டி மூணு போச்சுப்பா'ன்னான். ஸ்கூல்ல இருந்து மார்க்கு வாங்கிக்கினு வருவான் பாரு, அந்த மூஞ்சி.

— நம்ம வண்டின்னா சொன்னார்?

— அதே வார்த்தைதான். அவனுக்குப் பேச்சு வந்ததுல இருந்து எங்க வீட்டுல நம்ம வண்டின்னா ஒண்ணுதான். வெளிய நிக்குதே, அந்தக் கம்பெனி. அந்தப் பேரத் தூக்கி ஜப்பான்காரனுக்குக் குடுத்துட்டானேன்னு எனக்கு வயிறு பத்திக்கிச்சு. 'எதுடா நம்ம வண்டி? யார் போட்ட சோத்துலடா வளந்தே? இனிமே இந்த வீட்டுல வண்டிப் பேச்சு எடுத்தே, நடக்கறதே வேற'ன்னேன்.

— அதுக்கு அவர் என்ன சொன்னார்?

— 'இல்லப்பா, நான் எதச் சொல்றேன்னா'ன்னு ஆரம்பிச்சான். நான் கையக் காட்டினேன். நிறுத்திட்டான். டப்பாவ யாரும் பிரிக்கல, பக்கத்து வீட்டுக்குப் போச்சு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் சாப்டியாப்பா, வரேன்ப்பா, அவ்ளோதான் பேச்சு. நான் எதுக்காவது திரும்பி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல.

— அங்கிள்...

— ஏம்மா அழற? உன்ன அழ வெக்கணும்னு வரல. அவன் அன்னிக்கு வித்தது மூணு. நாலாவதா என் பேரு ஏறட்டும், அதுதான் நான் கேக்கறது. எழுதும்மா.

— ஏத்த முடியாது அங்கிள். அந்த மாசம் கிறிஸ்டோபர் பேர்ல எங்க வண்டி ஒண்ணுகூட போகல.

— பொய் சொல்லாத. மூணுன்னு அவன் வாயால சொன்னான்.

— மூணு போனது நிஜம்தான். இங்க வந்த அந்த மூணு பேரும் உங்கள மாதிரி லோடு அடிக்கறவங்க. 'எங்கப்பா இத்தனை வருஷமா ஓட்றது அந்தக் கம்பெனி வண்டிதான், அதையே எடுங்க'ன்னு அவரே ரோட்ட தாண்டி எதிர் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தார், அதுக்குத்தான் மேனேஜர் அவர வேலைய விட்டு அனுப்பினார்.