தகரம் தட்டியவள்

எனக்குப் பாட்டுப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாசாமி குழல் வாசித்ததைக் கேட்டுத்தான் நான் அவருக்கு வாக்கப்பட்டேன்.

மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கு எதிர்க் கரட்டில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. பொழுது விழுந்தால் அங்கே மேளமும் குழலும் தொடங்கிவிடும். வரப்புச் சண்டையில் வருசக்கணக்காகப் பேசாதவர்கள்கூட அங்கே தோள் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மிளகு பறித்துக் கை கால் விட்டுப்போனவன் எழுந்து ஆடுவான். நல்ல இடம்தான். குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அங்கிருந்து வீடு திரும்ப வேண்டும். மலையில் மேகம் இறங்கினால் பந்தம் பிடித்தாலும் காலடி தெரியாது. அதனால் பெண்கள் வாசலில் நின்று மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டுவோம். ஒவ்வொருத்தியின் தட்டும் ஒரு விதம். அவரவர் வீட்டுத் தகரத்தைக் கேட்டு ஆண்கள் நடந்து வருவார்கள். பகலெல்லாம் சாமைக் காட்டில் களையெடுத்துவிட்டு, அவர் வரும்வரை நான் தட்டிக்கொண்டிருப்பேன்.

“ஏனுங்க, இன்னைக்காச்சும் ஊட்ல இருங்களே” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் போகலீன்னா அங்க சனம் உக்காராது, பாவாயி.”

“அந்தச் சனத்துக்கெல்லாம் ஊடு இல்லீங்களா?”

“ஊடு இருக்கறதுனாலதான் அங்க வந்து உக்கார்றாங்க.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கெட்டவர் இல்லை.

அந்த ஐப்பசியில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அன்றும் போனார். நான் வாசலில் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். “இதோ வாரேன் சாமி” என்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம் சத்தமில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து உள்ளே போய்த் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

“ஏன் பாதியில நிறுத்திப்போட்ட? வழி தவறப் பாத்தேன்” என்று கேட்டுக்கொண்டேதான் அவர் உள்ளே வந்தார்.

காரியம் முடிந்ததும் மறுபடி கடைக்குப் போனார். துக்கம் தாங்காமல் போனார். அது எனக்கும் புரிந்தது. நானும் மறுபடி தகரத்தை எடுத்தேன்.

கார்த்திகையில், மேகம் அடர்ந்த ஓர் இரவில், அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு மேற்கே இருக்கும் பாறைக்குப் போனேன். கடையிலிருந்து வரும் பாதைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே ஆழமான பள்ளம். அங்கே உட்கார்ந்து எப்போதும்போலத் தட்டினேன்.

இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று அவருடையது. இன்னொருவன் பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு. அவன் பெண்டாட்டி பெருமாயி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அதனால் அவனும் என் தகரத்தை நம்பித்தான் வந்துகொண்டிருந்தான். அது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

“போதுமுங்க அக்கா, கை நோவப் போவுது. வந்துட்டோம்” என்று சிரித்தான்.

நான் தட்டுவதை நிறுத்தவில்லை. அவர்கள் சத்தம் நின்ற பிறகும் கொஞ்சநேரம் தட்டினேன்.

கள்ளும் மேகமும் கொன்றதாக ஊர் பேசியது. மறு வருசமே மதுவிலக்கு வந்து கடையை மூடிவிட்டார்கள். அதுவரை பொறுத்திருக்கலாம்தான். நான் மிகவும் களைத்திருந்தேன்.

பெருமாயி இன்னும் அழுகிறாள். நான்தான் போய்த் தேற்றுகிறேன். ஆனால் மேகம் இறங்கும் இரவுகளில் அவள் வாசலுக்கு வருவதில்லை. பிள்ளை முனகினால் உடனே எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அவளுக்கு அதையாவது என்னால் செய்து கொடுக்க முடிந்தது.