தெய்வம் மாதிரி வந்தவர்

இந்த அறைக் கதவின் பூட்டுக்கு யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். விடக் கூடாது. எண்ணெய் தூசியை இழுத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் சாவி திணற ஆரம்பித்துவிடும். பென்சில் கரித்தூள் கொஞ்சம் போட்டால் போதும். நான் பூட்டு வேலை செய்பவன், இதையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது.

கேட்டதற்கு வருகிறேன். எதிர்வீட்டுக் கேமராவில் பதிவான இரண்டு காட்சிகளைக் காட்டினீர்கள். இரண்டிலும் இருப்பது நான்தான். ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

என் கடை ஒரு தையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கதவு அகலம்தான். இரண்டு வருடம் அதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் வீடு திறக்கவில்லை என்றால் யாரும் தெருவில் விசாரிப்பதில்லை. போனில் தேடி, மேலே வருகிற பெயரைக் கூப்பிடுகிறார்கள். என் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டுக்காரர் இருக்கிறார். அவருக்கு நானூறு விமர்சனம், பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்கியது. ஒரே நாளில் அறுபது பேர் ‘சூப்பர் சர்வீஸ்’ என்று எழுதினால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். பொய் என்றால் எனக்கு உடம்பே கூசும்.

அப்போதுதான் சிறு கடைக்காரர்களுக்கான இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். நேர்மையான முறையில் வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி என்று ஆறு வாரம். நடத்திய அம்மா நல்ல விவரமானவர்.

“விமர்சனத்த விலைக்கு வாங்காதீங்க. வேலை முடிஞ்சதும் கூச்சப்படாம கேளுங்க, எழுதறவங்க எழுதுவாங்க. ஒருத்தர் கஷ்டத்துல நிக்கும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா, கேக்கவே வேண்டாம், அவங்களே எழுதுவாங்க” என்றார்.

கடைசி வரியை நோட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன். அவர் சொன்ன எதையும் விடவில்லை. உண்மையான படங்கள், கடை திறக்கும் நேரம், கூலி விவரம், என் முகம், எல்லாம் போட்டேன். இரண்டு மாதத்தில் பதினோரு விமர்சனம் வந்தது. அதில் ஒன்று என் மச்சான் எழுதியது. அவன் என்னிடம் பூட்டே திறந்ததில்லை என்பதால் அழிக்கச் சொல்லிவிட்டேன். இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு ஒரு நாள், ஒரு தெருவில் வேலையாக இருந்தபோது, நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்குச் சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துபோனது. கூப்பிட்ட மூன்றாவது நிமிடம் போய் நின்றேன். அன்று மாலை எட்டு வரி எழுதியிருந்தார். ‘தெய்வம் மாதிரி வந்தார்’ என்று முடித்திருந்தார். அதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவிகூட என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்த வாரம் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள்.

உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நான் தெய்வம் மாதிரி வர வழியே இல்லை.

சாவித் துவாரத்தில் ஒரு சொட்டுப் பசை, வீட்டுக்காரர் வெளியே கிளம்பிய பிறகு. அவ்வளவுதான். பூட்டு கெடாத அளவுக்குத்தான் விடுவேன், எனக்குத் தொழில் சுத்தம் முக்கியம். அன்றன்று நான் நிற்கும் தெருவை என் இணையப் பக்கத்தில் போட்டுவிடுவதால் தேடியதும் என் பெயர்தான் முதலில் வரும். கூலி ஒரு காசு ஏற்றிச் சொன்னதில்லை. இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பட்ட அவதியும் நிஜம், நான் திறந்துவிட்டதும் நிஜம். நன்றி சொல்லி எழுதியது அவர்கள் கைதானே.

என் மனைவிக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவளை இழுக்க வேண்டாம். அவள் விமர்சனங்களைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“மூணு நிமிஷத்துல வந்தார், நாலு நிமிஷத்துல வந்தார்னு வரிசையா இருக்கு. இத யார் நம்புவா? நீங்களே உக்காந்து எழுதின மாதிரி இருக்குங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதினைந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு, தெரு முனையில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். வீட்டில் ஆள் இல்லை என்றால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். தொட்டிலில் குழந்தை, அடுப்பில் பால், நடமாட முடியாத மாமியார் என்று ஏதாவது உள்ளே மாட்டிக்கொண்டால் பத்து வரிக்குக் குறைவதில்லை. அப்படிப்பட்ட வீடாகப் பார்த்துத் தேடி அலைந்தேன் என்று சொல்ல மாட்டேன். அமைந்தால் விட்டதில்லை.

நீங்கள் காட்டிய காட்சியில் இருக்கும் வீட்டுப் பெண் அன்று மதியம் இரண்டு மணிக்கு மேல் வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பூட்டருகே குனிந்தபோது உள்ளே இருமல் கேட்டது. வயதானவர் இருமல், நடுநடுவே இழுப்பு. அது என் காதில் விழவில்லையா என்று கேட்டீர்கள். விழுந்தது. அதனால்தான் பக்கத்து வீட்டை விட்டுவிட்டு இந்த வீடு.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

“அண்ணா, பூட்டு திறக்கறவர்தானே? சாவி உள்ளயே போக மாட்டேங்குது. அப்பா உள்ள படுத்திருக்கார். வாயில வச்சு இழுக்கற மருந்து தீந்துபோச்சேன்னு வாங்கத்தான் வந்தேன். அவருக்கு மூச்சு இழுக்குது, ஜன்னல் வழியா சத்தம் கேக்குதுண்ணா.”

“பதறாதம்மா. பதினஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.”

“அதுக்கு முன்னாடி வர முடியாதாண்ணா?”

“பதினஞ்சு நிமிஷம்மா. கட்டாயம் வந்துடுவேன்.”

வேனிலிருந்து அந்த வீடு நாற்பது அடி இருக்கும். கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. ஜன்னல் கம்பி வழியாக மருந்தை நீட்டினார். உள்ளே கட்டிலுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. “அப்பா, கையை நீட்டுப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவை இரண்டு உதை உதைத்தார். இரும்புக் கதவு, அசையவில்லை. நான் பழைய விமர்சனங்கள் இரண்டுக்குப் பதில் எழுதினேன். நடுவில் ஒரு முறை பையை எடுத்துக்கொண்டு இறங்கவும் செய்தேன். ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கதவைத் திறக்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மருந்தை அவர் வாயருகே வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அடங்கிவிட்டிருந்தார். நானும் அங்கேயே நின்று அழுதேன். அது நடிப்பில்லை, எனக்கு அப்பா இல்லையா என்ன. கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்த மறுநாளே விமர்சனம் கேட்டுவிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். துக்க வீடு என்பதால் இரண்டு வாரம் பொறுத்துத்தான் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. ‘தெய்வம் மாதிரி வந்தார், எங்களுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை’ என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்தார். என் பக்கத்தில் அதைத்தான் எல்லாரும் முதலில் படிக்கிறார்கள்.

பத்து நிமிடம் முன்னால் கதவு திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம், மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு பூட்டுகளை அடைத்தது நான். அந்தக் கிழவரை உள்ளே வைத்து அடைத்ததும், சாகிறவரைக்கும் திறக்காமல் வெளியே உட்கார்ந்திருந்ததும் நான். கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்த வேண்டும். வாக்குமூலத்தின் இரண்டாம் பக்கத்தில் நான் தாமதமாக வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் என்று சொன்னேன், பதினாலாவது நிமிடம் வாசலில் நின்றேன். நேரத்தைச் சொல்லிவிட்டு நான் யாரையும் ஏமாற்றியதில்லை.